120 வெள்ளி பாக்கிக்கு அம்மாவின் சாமான் மொத்தமும் போய்விட்டது

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாமான் வைக்க ஸ்டோர் வாடகைக்கு எடுத்திருப்பவர்கள், எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் இதைப் படியுங்கள். இந்த நிலை வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். கம்பெனி பெயரை இப்போது போடவில்லை, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகப் போகிறேன். பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம், கன்டெய்னர்களை வரிசையாக நிறுத்தி மாத வாடகைக்கு விடுகிற ஓர் இடம். அதுவரை தெரிந்தால் போதும்.

எனக்குப் போனது 8,400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அவர்களுக்கு நான் வைத்த பாக்கி 120 வெள்ளி. எப்படி என்று சொல்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியது, அப்புறம் வீடு கட்டுகிற கம்பெனிக்குக் கைமாறியது. நாங்கள் இருந்த லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்யச் சொன்னார்கள். மாற்றாகத் தரை வீடு உண்டு, ஆனால் சாவி கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அம்மா போய் ஆறு வருடமாகிறது. அப்பாவைக் கிள்ளானில் என் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை, எங்களுக்கே இடம் போதாது. லயத்துச் சாமானை எங்கே வைப்பது? புது வீடு அங்கேயே வரப் போகிறது, பக்கத்திலேயே ஸ்டோர் எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மாதம் 120 வெள்ளி, இரண்டு மாத டெபாசிட் 240 வெள்ளி.

லோரியில் சாமானோடு போய் இறங்கிய அன்று அங்கே பொறுப்பில் இருந்தவர் தமிழர். ஐம்பது வயது இருக்கும். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "நான் மூணாம் டிவிஷன். உங்கப்பா திருவிழாவுக்கு உறுமி அடிப்பாரே, அவர்தானே?" என்றார். அப்பா லோரியில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையன்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, உறுமியை அவரே இரண்டு கையாலும் இறக்கி வைத்தார். சாமி படம் இருந்த பெட்டியைத் தூக்குவதற்கு முன் சிலிப்பரைக் கழற்றிவிட்டுத் தூக்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிலிப்பரைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். பதினோரு பக்கம், பொடி எழுத்து. லோரியின் பானெட் மேல் வைத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு பக்கம்கூடப் படிக்காமல் போட்டேன்.

முகவரி எழுதுகிற இடத்தில் மட்டும் ஒரு நிமிடம் நின்றேன். என் ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னும் லயத்து முகவரிதான் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் மாற்றவில்லை, அது என் தப்பு. "அண்ணே, அடுத்த மாசம் அந்த லயமே இருக்காதே" என்றேன். "ஐசில உள்ளதைப் போடுங்க தங்கச்சி, சும்மா ஒரு ஃபார்முக்கு. எல்லாம் வாட்சாப்லதான். வாடகை முன்ன பின்ன ஆனா நானே போன் அடிக்கிறேன். நம்ம ஆளுங்க சாமான்ல நான் கை வைப்பேனா?" என்றார்.

இந்த வார்த்தையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பேங்கில் மாதாமாதம் தானாகப் போகிற மாதிரி போட்டுவிட்டேன். பன்னிரண்டு மாதம் ஒழுங்காகப் போனது. பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும்தான் போட்டிருக்கிறேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. டிசம்பரோடு அது நின்றுவிட்டது. ஜனவரி முதல் வாரத்தில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரி, வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று மூன்று மாதம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மொத்தம் 360 வெள்ளி. அவர்கள் கையில் என் டெபாசிட் 240 வெள்ளி இருக்கிறது. கழித்துப் பாருங்கள், 120 வெள்ளி.

போன் வந்ததா? இல்லை. வாட்சாப் வந்ததா? வந்தது. ஜனவரி 14ஆம் தேதி பானை பொங்குகிற படத்தோடு பொங்கல் வாழ்த்து வந்தது. தைப்பூசத்துக்கு வேல் படம் வந்தது, கீழே கம்பெனி முத்திரையோடு, புதிதாக ஸ்டோர் எடுப்பவர்களுக்கு முதல் மாதம் பாதி விலை என்று. பாக்கி இருக்கிறது என்று ஒரு வரி வரவில்லை.

போன வாரம் வீட்டுச் சாவி கிடைத்தது. சனிக்கிழமை லோரி பேசிக்கொண்டு போனேன். என் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கூடப் பார்த்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அது என் பூட்டே இல்லை. காவல்கார அங்கிள் வந்து திறந்து காட்டினார். உள்ளே யாரோ பசார் மாலாம் (இரவுச் சந்தை) வியாபாரியின் கூடாரக் கம்பிகளும் மடக்கு மேசைகளும் இருந்தன. தரையில் எங்கள் அலமாரிக் கால் நின்ற நாலு தடம் மட்டும் தூசியில் தெரிந்தது.

பொறுப்பில் இருந்த அண்ணனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. லோரிக்காரர் போனிலிருந்து அடித்தேன், உடனே எடுத்தார். என் குரல் கேட்டதும், "தங்கச்சி, அது மேலிடத்துல முடிவு பண்றது. எனக்கே அப்புறம்தான் தெரியும்" என்றார். பூட்டை வெட்டியது யார் என்று கேட்டேன். "வெட்டினது நான்தான், ஆனா சொன்னது அவங்க" என்றார். எங்கள் சாமி படப் பெட்டி என்னவாயிற்று என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

தலைமை ஆபீஸில் ஒரு பெண் பேசினாள். மேடம் மேடம் என்று மரியாதைக்குக் குறைவில்லை. "சிஸ்டத்துல உங்க ஃபைல் குளோஸ் ஆயிடுச்சு மேடம்." மேனேஜரைக் கொடு என்றால் மீட்டிங். மறுபடி அடித்தால் லீவு. மூன்றாவது தடவை, ஈமெயில் போடுங்கள், ஏழு வேலை நாளில் பதில் வரும் என்றாள். நோட்டீஸ் கொடுக்காமல் எப்படி விற்றீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் பதில் தயாராக இருந்தது. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினார்களாம். எந்த முகவரிக்கு? லயத்துக்கு. இடித்து, மண் நிரவி, இப்போது மாதிரி வீடு நிற்கிற இடத்துக்கு! அந்த லயம் இல்லாமல் போனதால்தானே நான் உங்களிடம் ஸ்டோர் எடுத்தேன் என்று கத்தினேன். "நீங்க குடுத்த அட்ரஸ்தானே மேடம்" என்றாள்.

திங்கட்கிழமை வற்புறுத்திக் கணக்கு வாங்கினேன். வாடகை பாக்கி 360, தாமதக் கட்டணம் 150, பூட்டு வெட்டிய கூலி 80, லோரியும் ஆளும் 250. ஆக 840 வெள்ளி. சாமான் முழுவதும் ஒரே ஆளுக்கு விற்றது 600 வெள்ளி, என் டெபாசிட் 240 வெள்ளி. இதுவும் 840. ஒரு காசு கூடவும் இல்லை, ஒரு காசு குறையவும் இல்லை. சாமான் விலை போன பிறகு கூலியை எழுதினார்களா, கூலியைப் பார்த்து விலை வைத்தார்களா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். யாருக்கு விற்றார்கள் என்று கேட்டால், வாடிக்கையாளர் விவரம் தர முடியாதாம்.

8,400 வெள்ளி என்பதை நான் கூட்டிச் சொல்லவில்லை. ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் ரிசிட் இருக்கிறது. கட்டில், அலமாரி, தையல் மெஷின், செம்பு அண்டா இரண்டு, பித்தளைக் குத்துவிளக்கு ஜோடி, அம்மாவின் சீர் பாத்திரம் எல்லாவற்றுக்கும் பழைய சாமான் விலைதான் போட்டேன். உறுமிக்கு என்ன விலை போடுவதென்று தெரியாமல் 400 போட்டேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இடையில் ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் பழைய சாமான் விற்கிற மெமரி லேன் சந்தைக்குப் போனேன். யாரோ அங்கே போய்ப் பார் என்றார்கள். காலை ஏழு மணியிலிருந்து குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு கித்தான் விரிப்பில், பழைய நாணயங்களுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவே ஒரு பித்தளைச் சொம்பு. திருப்பிப் பார்த்தேன். அடியில் புள்ளி புள்ளியாகக் கொட்டிய எழுத்து, அ.மு. அம்மாவின் எழுத்து. முனாவின் கால் கொஞ்சம் நீண்டிருக்கும், பெயர் கொட்டியவன் கை வழுக்கிவிட்டது என்று அம்மா சொல்வாள். கடைக்காரர் நல்ல மனிதர், மொத்தமாக வாங்கிய ஒருவரிடமிருந்து எடுத்தேன் என்றார், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். விலை 35 வெள்ளி. என் அம்மா சொம்பை நான் 35 வெள்ளி கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

போலீசில் ரிப்போர்ட் செய்தாயிற்று. சிவில் கேஸ் மாதிரி தெரிகிறது என்றார்கள், ஆனால் ரிப்போர்ட் காகிதம் கையில் இருக்கிறது. பிறகு எங்கள் ஃபிளாட்டில் கீழ்வீட்டு அண்ணன், வக்கீல் ஆபீஸில் கிளார்க், பதினோரு பக்கத்தையும் உட்கார்ந்து படித்தார். நான் படிக்காததை அவர் படித்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

சாதாரண வீட்டுக்காரர் வாடகை பாக்கிக்காகச் சாமானைப் பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டப்படி கோர்ட்டுக்குப் போய் வாரண்ட் வாங்க வேண்டும். அதுவும் 12 மாதப் பாக்கி வரைக்கும்தான். உடுத்துகிற துணி, படுக்கை ஆகிய அத்தியாவசியமானதை அப்போதும் எடுக்க முடியாது. அதனால்தான் இந்த மாதிரி கம்பெனிகள் பத்திரத்தில் குடிக்கூலி என்றே எழுதுவதில்லையாம், இடத்தைப் பயன்படுத்த அனுமதி என்று எழுதிக்கொள்கிறார்கள். சரி, அப்படியே இருக்கட்டும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில், பிறர் பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவன் தன் சொந்தப் பொருளைப் போலக் கவனிக்க வேண்டும் என்று இருக்கிறது. கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையும் சில வேலைகளுக்கு உண்டு. ஆனால் பிடித்து வைப்பது வேறு, விற்பது வேறு. அடகு வாங்கியவன்கூட நியாயமான நோட்டீஸ் கொடுத்துத்தான் விற்கலாம், கடன் போக மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். இவர்கள் விற்றது பத்திரத்தில் ஒன்பதாவது பிரிவை வைத்து. அது நியாயமான பிரிவா என்பதுதான் இனிச் சண்டை. "சாவி உங்ககிட்ட இருந்தவரைக்கும் இடம்தான் விட்டோம்னு சொல்லலாம். பூட்டை வெட்டி வெளியே எடுத்த நிமிஷத்துலேர்ந்து சாமான் அவங்க பொறுப்பு, அதைப் பிடிங்க" என்றார் அண்ணன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, 2010ல் திருத்திச் சேர்த்தது. அதைத்தான் நான் நம்பியிருக்கிறேன்.

மனு போடுவது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், நடந்த மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் தேவையில்லை, அவர்கள் பக்கமும் வக்கீல் வந்து நிற்க முடியாது. தீர்ப்பு வந்து 14 நாளில் கட்டாவிட்டால் அது குற்றம். 8,400 வெள்ளியையும் எழுதிவிட்டேன், அந்த 35 வெள்ளியையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி ஒன்றாகிவிட்டது, காலையில் ஷிஃப்ட் இருக்கிறது. அவசரமாக இவ்வளவுதான். சாமானை உள்ளே வைக்கும்போதே ஒவ்வொன்றையும் ஃபோட்டோ எடுத்துவிடுங்கள், பாத்திரத்தின் அடியையும் சேர்த்து. விற்கலாம் என்கிற பிரிவு எங்கே இருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். இப்போது இருக்கிற முகவரியையும் வாட்சாப் எண்ணையும் நோட்டீஸ் அனுப்பும் முகவரியாகப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னது செல்லாது. பேங்கில் தானாகப் போகிற பணம் எந்த மாதம் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். சிலிப்பர் கழற்றுகிறவரைக் கண்டால் இன்னும் ஒரு தடவை படியுங்கள்.

ஈப்போ, கோலக்கங்சார், தைப்பிங் பக்கம் பழைய சாமான் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுமி ஒன்று, மர உடம்பு, நடுவில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும், குச்சியால் தேய்க்கிற பக்கத்துத் தோலில் பிறை மாதிரி கறுப்புத் தடம் இருக்கும். பார்த்தால் ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். விலை பேச வேண்டாம், பேசினால் ஏற்றிவிடுவார்கள்.