வா பெடலை ‘மாற்றித் தருகிறேன்’ என்பவரிடம் எச்சரிக்கை

கிட்டார் வாசிப்பவர்களே, காலால் அழுத்த அழுத்த ஒலியை ‘வா வா’ என்று மாற்றும் வா பெடலின் உட்பாகங்களை மாற்றி ஒலியை மெருகேற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். சென்னையில் அப்படி ஒருவரிடம் என் டன்லப் க்ரை பேபி ஜிசிபி-95 பெடலையும் ஆறாயிரம் ரூபாயையும் கொடுத்தேன். திரும்பி வந்தது பாழான பெடல்.

பெடலை முழுவதும் அழுத்தும்போது காதைக் குத்தும் கீச்சொலி குறைய வேண்டும், ஒலி சற்று கீழிறங்கிக் கனமாக வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். பெடலின் அதிர்வெண் வீச்சைத் தீர்மானிக்கும் 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை எடுத்துவிட்டு 0.015 போட்டால் அந்த வீச்சு முழுவதும் ஏறத்தாழ 18 சதவீதம் கீழே இறங்கும். ரிச்சி தெருவில் அதன் விலை சில ரூபாய்தான். அவரோ ரசீதில் மூன்று வேலைகளை எழுதினார்: கெபாசிட்டர், சிவப்பு ஃபாசெல் இன்டக்டர் (ஃபாசெல் வகைக் கம்பிச்சுருள்), ட்ரூ பைபாஸ் சுவிட்ச் (பெடலை அணைத்தால் கிட்டார் ஒலியைச் சர்க்யூட்டைத் தொடாமல் நேராக அனுப்புவது). இன்டக்டருக்குத்தான் பெரும் தொகை.

கடையில் வாசித்துக் காட்டியபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. வீட்டில் நிதானமாக வாசித்தால் முன்பைவிடக் கீச்சிடுகிறது. அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி, கொடுப்பதற்கு முன் எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டேன். வயிறு எரிந்தது.

கெபாசிட்டரில் 0.01 மைக்ரோஃபாரடைக் குறிக்கும் அதே 103 என்ற எண். மாற்றியிருந்தால் 153 என்று இருந்திருக்க வேண்டும். இன்டக்டரின் கால்களில் ஆலையில் வைத்த ஈயம் அப்படியே வழவழப்பாக இருந்தது. சுற்றிலும் புதிதாகப் பற்றவைத்தால் படியும் ஃபிளக்ஸ் கறைகூட இல்லை. இப்போதைய ஜிசிபி-95 ஆலையிலிருந்தே சிவப்பு ஃபாசெலோடுதான் வருகிறது. ஏற்கெனவே எனக்குச் சொந்தமாக இருந்த பொருளை எனக்கே விற்றிருக்கிறார்! சுவிட்சும் பழைய மூன்று கால் சுவிட்சுதான். ட்ரூ பைபாஸுக்கு ஆறு அல்லது ஒன்பது கால்கள் வேண்டும்.

மாறியிருந்தது ஒன்றே ஒன்று. இன்டக்டருக்கு இணையாக இருக்கும் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்த இடத்தில் பழுப்பு, கருப்பு, மஞ்சள் பட்டைகளோடு 100 கிலோ ஓம். இந்த மதிப்பு ஏற ஏற ஒலியின் முகடு கூர்மையாகும். வாடிக்கையாளர் காதுக்கு உடனே ‘மாற்றம்’ தெரிய இதைவிட மலிவான வழி இல்லை. நான் கேட்டதற்கோ இது நேரெதிர். அந்த ஒரு ரெசிஸ்டரை மாற்றுவதற்குள் பலகையை அளவுக்கு மீறிச் சூடாக்கி, செப்புத் தடத்தை உரித்து, வெறும் கம்பியால் ஒட்டுப்போட்டிருக்கிறார். பெடலை அசைத்தாலே கரகரவென்கிறது.

நேரில் போய்க் கேட்டேன். “சார், ஒலியைக் காதால் கேட்க வேண்டும், கண்ணால் பார்க்கக் கூடாது” என்றார். கழற்றிய பாகங்கள் எங்கே என்றதற்குக் குப்பையில் போட்டுவிட்டதாகப் பதில். பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

பெடலைக் கொடுக்கும் முன் சர்க்யூட் பலகையின் இரு பக்கங்களையும் எண்கள் தெரியும்படி படம் எடுங்கள். எந்தப் பாகம், எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்புக்கு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களைக் கையில் தர ஒப்புக்கொள்ளாதவரிடம் பெடலைக் கொடுக்காதீர்கள். வாங்கும்போது அடித்தட்டைத் திறந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ரசீதும் இரண்டு படங்களும் கையில் இருப்பதால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.