செத்த காலேஜிலிருந்து முட்டுக்காடு வரை: சென்னையில் பத்து நாள்

லண்டனில் குடியேறி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்னைக்கு வந்தாலும், கல்யாண வீடுகள், கோயில்கள், தியாகராய நகர்க் கடைகள் என்று நாட்கள் கரைந்துவிடுமே தவிர, நான் பிறந்து வளர்ந்த நகரத்தின் அருங்காட்சியகம் ஒன்றைக்கூட என் மகளுக்குக் காட்டியதில்லை. பள்ளிப் பாடத்துக்காகப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்த அவள், அவற்றை மதராஸிலிருந்து கப்பலேற்றினார்கள் என்று எழுதியிருப்பதைச் சொல்லி, "மிச்சம் அங்கே இருக்கிறதா அப்பா?" என்று கேட்டாள். அதனால் இந்தத் தை மாதப் பயணத்தில், குரோம்பேட்டையில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டு, பத்து நாட்களில் ஏழு நாட்களை இதற்கென்றே ஒதுக்கினோம். என்ன பார்த்தோம் என்பதோடு, பார்ப்பதற்கு அங்கே என்ன வசதி கிடைத்தது என்பதையும் எழுதுவது, அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் நாளே தவறு செய்தேன். வெள்ளிக்கிழமை காலை எழும்பூர் போய் இறங்கினால், பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகத்தின் வாயில் மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை அதற்கு வார விடுமுறை என்பது நான் சிறுவனாக இருந்தபோதே தெரிந்த செய்திதான். மறந்துபோனது என் குற்றம். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை, முட்டுக்காட்டில் தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய், மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். இந்த மூன்று கிழமைகளையும் கணக்கில் வைத்துக்கொள்ளாமல் பயணத் திட்டம் போட்டால், ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு வீணாகும்.

மறுநாள் சனிக்கிழமை உள்ளே போனோம். எங்கள் பாட்டி காலத்து மெட்ராஸ்காரர்கள் இந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். 1851இல் தொடங்கியபோது கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இது இயங்கியதால் அந்தக் 'காலேஜ்' ஒட்டிக்கொண்டது என்பார்கள். 1854இல் எழும்பூருக்கு இடம் மாறியது. முதல் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், இதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார் என்பதால், உயிரும் செத்ததும் சில காலம் ஒரே வேலிக்குள் இருந்திருக்கின்றன. மகளுக்கு இந்தப் பெயர்க் கதை, பாடம் செய்யப்பட்ட விலங்குகளைவிட அதிகமாகப் பிடித்துவிட்டது.

அமராவதிக் கூடத்தில்தான் நாங்கள் அதிக நேரம் நின்றோம். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த அந்தப் பௌத்தத் தூபியின் பலகைகளை 1845இல் வால்டர் எலியட் தோண்டி மதராஸுக்கு அனுப்பினார். வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்த பிறகு, அவற்றில் பெரும்பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியது. இங்கே எஞ்சியவையும், பிற்காலத்தில் ஜேம்ஸ் பர்ஜெஸ் போன்றவர்கள் தோண்டி எடுத்தவையும் இந்தக் கூடத்தில் உள்ளன. லண்டனில் இவற்றின் உடன்பிறப்புகள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், காற்றின் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் நிற்கின்றன. இங்கே ஒரு முழ தூரத்தில், கண்ணுக்கு நேராக நிற்கின்றன. பளிங்கு போல் வெளிறிய அந்தச் சுண்ணக்கல்லில் தாமரை இதழ்களின் ஓரம் எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதை நான் லண்டனில் பத்து முறை பார்த்தும் கவனித்ததில்லை. இங்கே பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரே பார்வையில் தெரிந்தது. பாதுகாப்புக்கு எது நல்லது என்று கேட்டால் லண்டனைத்தான் சொல்வேன். பார்ப்பதற்கு எது நல்லது என்று கேட்டால் தயங்குவேன்.

அடுத்து வெண்கலக் கூடம். திருவாலங்காட்டு நடராசரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் ஒளிப்படங்களை மட்டும் பார்த்துவிட்டே அதைக் குறித்துப் பரவசமாக எழுதினார் என்பதை மகளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாளே தவிர, நின்றது வேறொரு படிமத்தின் முன்னால். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். பெயர்ப் பலகையில் பெயரும் ஊரும் நூற்றாண்டும் இருந்தன. அதற்கு மேல் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எதுவும் அது சொல்லவில்லை. அப்போது அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவலர் எழுந்து வந்தார். "பாப்பா, கை எத்தனைனு எண்ணிப் பாரு" என்றார். அவள் எண்ணினாள். மூன்று. "சிவன் பக்கம் ரெண்டு, அம்மன் பக்கம் ஒண்ணு. இப்ப இந்த முன்கையைப் பாரு, எதுமேலயோ ஊணிக்கிட்ட மாதிரி இருக்குல்ல? அங்க மாடு நிக்கணும். மாடு இல்ல. ஆனா கை இன்னும் மாட்டு மேலதான் இருக்கு." பிறகு எங்களை இடப்பக்கம் அழைத்துச் சென்று, இடுப்பு எந்த இடத்தில் ஆணிலிருந்து பெண்ணாக வளைகிறது என்று காற்றில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். படிமத்தைத் தொடவில்லை. காசும் வாங்கிக்கொள்ளவில்லை; "ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருசம் இருக்கு சார், தினமும் பாத்துக்கிட்டேதான இருக்கேன்" என்றார்.

இந்த ஒரு நிகழ்ச்சி பயணம் முழுவதற்கும் அளவுகோலாகிவிட்டது. சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் நமக்கு என்ன கிடைக்கும் என்பதை அங்குள்ள ஏற்பாடு தீர்மானிப்பதில்லை. அன்று அங்கே இருக்கும் ஆள் தீர்மானிக்கிறார். ஆள் நல்லவராக அமைந்தால் லண்டனில் காசு கொடுத்தாலும் கிடைக்காத விளக்கம் கிடைக்கிறது. அமையாவிட்டால் என்ன ஆகிறது என்பதற்கும் எங்களுக்கு அனுபவம் வாய்த்தது. நகரின் வேறொரு காட்சிக்கூடத்தில், பெயரைச் சொல்ல விரும்பவில்லை, பாதி அறைகளில் விளக்கு எரியவில்லை. கேட்டதற்கு, எலக்ட்ரீஷியன் விடுப்பில் இருப்பதாகப் பதில் வந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் பார்க்கலாமா என்றால், கைப்பேசியை எடுத்தால் கேமராக் கட்டணம் என்றார்கள். கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். எழுபது வயதைத் தாண்டிய என் அத்தையும் அன்று எங்களுடன் வந்திருந்தார் என்பதால், அந்த அரை மணி நேரத்தை அவ்வளவு எளிதில் மறக்க மாட்டேன்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு நுழைவுச்சீட்டு ஒரு தனிக் கதை. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியருக்கான கட்டணமே போதும் என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டோடு வருகிற உறவினர்கள் அதை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கும் நினைவுச் சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தியருக்கான நுழைவுக் கட்டணமே என்று இந்திய அரசு 2021ஆம் ஆண்டு அறிவிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. ஓரிடத்தில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது விசாவா சார்?" என்று கேட்டார் ஓர் இளைஞர். நான் அறிவிக்கையைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் மேலதிகாரியை அழைத்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள். கடைசியில் இந்தியருக்கான சீட்டுதான் கொடுத்தார்கள். தமிழிலேயே வாதாடி, தமிழனாக உள்ளே போக இருபது நிமிடம் ஆனது. அறிவிக்கையை ஒரு தாளில் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டால் இந்த இருபது நிமிடம் ஐந்தாகக் குறையும்.

பணம் செலுத்துவதிலும் கவனம் தேவை. பல கவுண்டர்களில் கியூஆர் அட்டையை நீட்டுகிறார்கள். வெளிநாட்டு வங்கி அட்டையை ஏற்கும் இயந்திரம் இருப்பதில்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்கிறார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணையே வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. அல்லது என்.ஆர்.இ. கணக்கோடு இணைத்து யூபிஐ பயன்படுத்த வழி உண்டு. புறப்படும் முன்பே அதைச் செய்துவைக்காமல் வந்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் தங்கையின் மகனுக்குப் போன் செய்து பணம் கட்டச் சொன்னது எனக்கே வெட்கமாக இருந்தது.

கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் தலைமைச் செயலக வளாகத்துக்குள் நுழைகிறோம் என்பதை நினைவில் வைத்துப் பெரிய பைகளைத் தவிர்ப்பது நல்லது. 1795இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் நாணயங்களும் வாள்களும் ஓவியங்களும் ஏராளம் இருந்தாலும், என் மனத்தில் நின்றவை இரண்டுதான். 1947 ஆகஸ்ட் 15 அன்று இதே கோட்டையில் ஏற்றப்பட்ட, 12 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட பட்டுக் கொடி ஒன்று. மற்றது, ஆங்கிலேயத் தலைமை ஆளுநராக இருந்த கார்ன்வாலிஸ் பிரபுவின் பெரிய சிலை: அதன் பீடத்தில் திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பீடத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. பக்கத்திலேயே 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் இருக்கிறது. உள்ளே போனால் வெயிலுக்கு நல்ல குளிர்ச்சி. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்தையும் அன்று மாலையே பார்த்தோம்; அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்' அதுதான். கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி இருப்பதால் அத்தையும் மேலே வந்தார்.

தட்சிணசித்ராவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன். 1996இல் திறக்கப்பட்ட இந்த இடத்தின் சிறப்பு, தென்னிந்தியாவின் பழைய வீடுகளை அப்படியே பிரித்து எடுத்துவந்து, மரத்துக்கு மரம் பொருத்தி மீண்டும் எழுப்பியிருப்பது. செட்டிநாட்டு வீட்டின் தூண்களும், கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவக் குடும்பத்தின் மரவீடும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. அத்தை அக்ரகாரத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழவில்லை. அவர் பிறந்த வீட்டில் இதே உயரத்தில் திண்ணை இருந்ததாம். மகள் குயவரிடம் போனாள். சக்கரம் சுழன்றதும் களிமண் அவள் கையில் கோணலாகச் சாய்ந்தது. "அழுத்தாத கண்ணு, மண்ணுதான் மேல வரும், நீ வழி மட்டும் விடு" என்றார் அவர். ஐந்தாவது முறையில் ஓர் அகல் வந்தது, விளிம்பில் சின்னக் கோணலோடு. ஈரம் காயாமல் அதைப் பழைய செய்தித்தாளில் பொதிந்து அவர் கொடுத்த விதத்தைப் பார்த்தால், அதை லண்டன் வரை எடுத்துச் செல்ல வேண்டியது எங்கள் கடமை என்று தோன்றியது. போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே நிலம் வாங்கி, கைவினைப் பொருட்களை விற்ற காசில் உருவாக்கிய குடியிருப்பு அது. அங்குள்ள காட்சிக்கூடம் அமைதியானது, கூட்டம் இல்லாதது.

எழும்பூருக்கு இரண்டாவது முறையும் போனோம், இந்த முறை கற்கால அரங்குக்காக. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்த ஒரு கல்லிலிருந்து தொடங்கியது. அவருடைய சேகரிப்பைப் பின்னர் இந்த அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. உள்ளங்கை அளவுக் கற்கள், தட்டையாக, விளிம்பில் கொத்திய தழும்போடு வரிசையாக இருந்தன. நம் காவலர் அன்று பணியில் இல்லை; விளக்க ஆளில்லாமல், மகள் தானே பலகைகளைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'பல்லாவரம்' என்ற சொல்லில் நின்று, "மாமா வண்டியில் தினமும் தாண்டுகிறோமே, அந்தப் பல்லாவரமா?" என்றாள்.

புறப்பட்ட இரவு தங்கையின் கணவர் எங்களை விமான நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரத்தை நெருங்கியபோது, அந்த இடத்தைக் காட்டச் சொல்லி மகள் கேட்டாள். பிரியாணிக் கடைகளின் பெயர்ப் பலகைகளுக்கு நடுவே அதைச் சொல்லும் பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. நான் கற்கோடரிக் கதையை அவரிடம் சுருக்கமாகச் சொன்னேன். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, கல் உடைத்து உடைத்துக் குறைந்துபோன குன்றிருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

"மலையே பாதி காணாமப் போச்சு மச்சான், நீங்க கையளவு கல்லைத் தேடுறீங்க."