கை மிக்சரில் சிக்கிய பீட்டரைக் கழற்றத்தான் கொடுத்தேன், மோட்டார் எரிந்துவிட்டது என்று பில் போட்டார்கள்

வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் செயலிகளில் சமையலறைக் கருவிகளைக் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். புதிய கை மிக்சர் ஒன்றின் விலையில் சரிபாதியைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். எந்தச் செயலி என்று சொல்லப் போவதில்லை. பெயரைப் போட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களோ இல்லையோ, பதிவைத் தூக்க வைத்துவிடுவார்கள். பீட்டர், அதாவது மிக்சரில் மாட்டி மாவு அடிக்கும் கம்பித் துடுப்பு, சிக்கினால் எப்படிக் கழற்றுவது என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

பழுது என்ன தெரியுமா? பழுதே இல்லை. கேக் மாவு அடிக்கும் கை மிக்சரில் இரண்டு பீட்டர்களில் ஒன்று வெளியே வரவில்லை. பொத்தானை அழுத்தினால் ஒன்று விழும், மற்றது அசையாது. மோட்டார் எல்லா வேகத்திலும் ஒழுங்காக ஓடியது.

வந்தவர் அத்தனை பதவிசாகப் பேசினார். மிக்சரை வாங்கித் திருப்பிப் பார்த்தார், பிளக்கில் செருகி ஓட்டினார். "மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது அம்மா, பீட்டரின் தண்டு மட்டும்தான் பிடித்திருக்கிறது" என்று அவர் வாயாலேயே சொன்னார். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இடுக்கியை எடுத்தவர், ஒரு நொடி யோசித்து அதைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டார். "இங்கே வைத்து இழுத்தால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடைந்துவிடும். அது பிளாஸ்டிக். உங்கள் பொருளில் நான் விளையாட மாட்டேன். பட்டறையில் திறந்து பக்குவமாக எடுத்துத் தருகிறேன்."

யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அவசரக்காரராக இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். கருவி உடையக் கூடாது என்று என்னைவிட அவர் கவலைப்பட்டதுபோல் இருந்தது. பல்சக்கரம் பிளாஸ்டிக் என்று சொன்னது உண்மையும்கூட. உண்மையை முன்னால் வைத்து ஏமாற்றுகிறவர்களை அடையாளம் காண்பது லேசில்லை. செயலியில் "கருவி பெறப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. எந்த நிலையில் பெறப்பட்டது, மோட்டார் ஓடியதா இல்லையா, அதில் எதுவும் கிடையாது.

அடுத்து தொலைபேசி. வேறு குரல். "ஆர்மேச்சர் எரிந்திருக்கிறது மேடம், பல்சக்கரம் இரண்டும் போய்விட்டன." ஆர்மேச்சர் என்றால் மோட்டாருக்குள் சுழலும் பகுதி. உங்கள் ஆளே ஓட்டிப் பார்த்துவிட்டு மோட்டார் நன்றாக இருக்கிறது என்றாரே என்றேன். "வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது மேடம்." அப்படியானால் எதுவும் செய்ய வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்றேன். "பிரித்த நிலையில்தான் தர முடியும். பரிசோதனைக் கட்டணமும் உண்டு." பொருள் அவர்கள் கையில், அதுவும் பிரித்துப் போட்ட நிலையில். இதற்குப் பெயர் பழுது பார்ப்பதா? புதிய மிக்சரின் பாதி விலையைக் கேட்டார்கள், கட்டினேன்.

கொண்டுவந்து கொடுத்தது ஒரு சின்னப் பையன். உறையைக்கூட அவன் பிரிக்கவில்லை. "அண்ணன் சோதித்துத்தான் அனுப்பியிருக்கிறார் அக்கா, ஓ.டி.பி. சொல்லுங்கள், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்" என்று வாசலிலேயே நின்றான். அந்த ஓ.டி.பி.தான் "வேலை திருப்தியாக முடிந்தது" என்பதற்கான ஒப்புதலாம். இது எனக்குப் பின்னால்தான் சொல்லப்பட்டது.

பீட்டர்களை மாட்டி ஓட்டினேன். கடகடவென்று இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. கை மிக்சரில் மோட்டார் தண்டின் திருகுமரை இரண்டு பக்கமும் இரண்டு பல்சக்கரங்களைச் சுழற்றும். ஒரு பீட்டரின் இதழ் மற்றதன் இடைவெளிக்குள் நுழைந்து வரும்படி அவற்றைக் கணக்காகப் பொருத்த வேண்டும். பல் தள்ளி மாட்டினால் இதழோடு இதழ் மோதும். பிரித்தவருக்கு மறுபடி பூட்டத் தெரியவில்லை. கீழ்ப்புற உறையில் ஸ்குரூடிரைவரால் நெம்பிய தழும்புகள் வேறு. பக்குவமாக எடுத்த லட்சணம் இது!

மின்கருவிகள் பழுது பார்க்கும் உறவினர் ஒருவர் திறந்து காட்டினார். மாற்றியதாகச் சொன்ன ஆர்மேச்சரில், மின்சாரம் செலுத்தும் கார்பன் பிரஷ் உரசும் செம்புப் பகுதி கறுத்து, தேய்ந்த தடத்தோடு இருந்தது. புதியதாக இருந்தால் அங்கே செம்பு பளபளக்க வேண்டும். பல்சக்கரங்களின் இடுக்கில் பழுப்பேறிய பழைய கிரீஸ். ஒரு பொருளைக்கூட மாற்றவில்லை. எதற்காகப் பாதி விலை கொடுத்தேன்? ஒரு பீட்டரை இழுத்ததற்கு.

புகார் செய்தேன். அரட்டைப் பெட்டியில் முதலில் ஓர் இயந்திரம் மன்னிப்புக் கேட்டது. பிறகு ஒரு மனிதர் வந்து புகைப்படம் கேட்டார், அனுப்பினேன். வேறொருவர் வந்து அதே புகைப்படத்தைக் கேட்டார். பழைய பாகங்களைக் காட்டுங்கள் என்றதற்கு "பாகங்கள் பட்டறையால் அப்புறப்படுத்தப்பட்டுவிட்டன" என்று பதில். பட்டறையைக் கேட்டால் செயலியைக் கேளுங்கள் என்கிறார்கள், செயலியைக் கேட்டால் பட்டறை தனி நிறுவனம் என்கிறார்கள். கடைசியில், "ஓ.டி.பி. பகிரப்பட்டதால் புகார் தீர்க்கப்பட்டதாக முடிக்கப்படுகிறது." கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. பாதி விலையை விழுங்கியது போதாதென்று நட்சத்திரம் வேறு வேண்டுமாம்.

பீட்டரைப் பற்றி விரிவாக எழுதுகிறேன் என்றேன், எழுதும் பொறுமை இப்போது இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலும் தண்டு வழியாக மேலேறிய மாவும் சர்க்கரையும் துளைக்குள் காய்ந்து இறுகுவதுதான் காரணம். பிளக்கைப் பிடுங்குங்கள். வேகக் குமிழ் பூஜ்யத்தில் இருக்கட்டும், சில மாடல்களில் இல்லாவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. பீட்டர் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தண்டின் மேல்பகுதியில் சுற்றி வையுங்கள். தலைகீழாக வைத்தால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கும். ஊறியதும் பொத்தானை அழுத்தியபடியே லேசாக இப்படியும் அப்படியும் அசைத்து இழுங்கள். வரவில்லை என்றால் மறுபடி ஊற வையுங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். துருநீக்கும் எண்ணெய் ஸ்பிரே அடிக்காதீர்கள், அது பிறகு மாவில்தான் சொட்டும்.

வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மோட்டார் ஓடுவதை அவர்கள் முன்னாலேயே வீடியோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். வாசலில் நிற்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும், இரண்டு பீட்டர்களையும் மாட்டி ஓட்டிப் பார்க்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.