வைர நகை பில்: வரி சரி, வரி விழும் தொகை சரியா?

வைர நகைக்கு 3% ஜிஎஸ்டி என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். 2017 ஜூலையிலிருந்து அதுதான் விகிதம். 2025 செப்டம்பரில் வரி அடுக்குகளை மாற்றியபோதும் நகைக்கு மாறவில்லை. ஆனால் அந்த 3% எந்தத் தொகையின் மேல் விழுகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. கடைகள் தரும் வைர நகை பில்களை அந்த ஒரு கேள்வியோடு மட்டும் இங்கே மதிப்பிடுகிறோம். கல்லின் தரம், டிசைன், கவனிப்பு எதுவும் இதில் வராது.

முதலில் சரியான பில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். ஒரு 18 கேரட் (இது தங்கத்தின் தூய்மை) மோதிரம், அதில் 50 சென்ட் வைரம் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் கணக்குக்காக மட்டும். மொத்த எடை 4.300 கிராம். கல்லின் எடையான ஒரு காரட் என்பது 100 சென்ட், அதாவது 0.2 கிராம், ஆகவே 50 சென்ட் கல் 0.100 கிராம். அதைக் கழித்தால் தங்கத்தின் நிகர எடை 4.200 கிராம். 18 கேரட் தங்கம் கிராம் 9,000 ரூபாய் என்றால் தங்கம் 37,800. வைரம் காரட் 80,000 வீதம் 40,000. செய்கூலி 6,200. கூட்டினால் 84,000. இதன் மேல் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 1.5% 1,260, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 1.5% 1,260. ஆக 86,520 ரூபாய். ஹால்மார்க் கட்டணம் உருப்படிக்கு 45 ரூபாய், அதற்கு 18% வரி சேர்த்து 53.10 என்று தனி வரிசையாகப் பல கடைகள் போடுகின்றன.

இந்த ஐந்தாறு வரிசைகளும் தனித்தனியாக இருந்தால் அந்தப் பில் தேறிவிட்டது. பெரிய கடைகளின் கம்ப்யூட்டர் பில்கள் பெரும்பாலும் இதில் தேறுகின்றன. தேறாதது 'பீஸ் ரேட்' பில். "வைர மோதிரம் 1, 84,000" என்று ஒரே வரிசை. வரி சரியாகத்தான் இருக்கும், ஆனால் கல் எடையைத் தங்கத்தில் கழித்தார்களா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. மேலே சொன்ன மோதிரத்தில் கழிக்காமல் விட்டால் 900 ரூபாய், அதற்கு வரி 27 ரூபாய், ஆக 927 ரூபாய் கூடுதல். 50 சென்ட்டுக்கே இவ்வளவு என்றால், கல் நிறைந்த நெக்லஸில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மாற்றப் போகும் நாளில் இன்னும் சிக்கல்: தங்கம் எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று பில்லில் இல்லாவிட்டால், அன்றைக்குக் கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு.

செய்கூலிக்கு 5% என்று ஒரு பேச்சு நெடுநாளாக ஓடுகிறது. கடை தன்னுடைய தங்கத்தில், தன்னுடைய கல்லைப் பதித்து, நகையாக விற்கும்போது அது ஒரே கூட்டு விற்பனை. சேதாரம், செய்கூலி எல்லாம் நகையின் விலைக்குள் அடக்கம். மொத்தத்துக்கும் 3% தான். நம் மோதிரத்தில் செய்கூலிக்கு மட்டும் 5% போட்டால் 186 ரூபாய்க்குப் பதில் 310 ஆகும். சின்னத் தொகைதான், ஆனாலும் கேட்டு வாங்க வேண்டிய தொகை. நீங்களே தங்கமும் கல்லும் கொடுத்துச் செய்யச் சொல்லும்போது வரும் கூலி பில் வேறு. அதில் 5% போடுவது வழக்கம்.

உதிரிக் கல்லுக்கு விகிதம் வேறு. பட்டை தீட்டாத வைரத்துக்கு 0.25%. பட்டை தீட்டிய வைரத்துக்கு 2018 ஜனவரியிலிருந்து 0.25% இருந்தது, 2022 ஜூலை 18 முதல் 1.5% ஆனது. அதே கல் நகையில் ஏறியதும் 3%. அப்படியானால் 40,000 ரூபாய் கல்லை உதிரியாக வாங்கி, பிறகு பதித்துக்கொண்டால் 600 ரூபாய் மிச்சமாகுமே என்று தோன்றும். கணக்கு சரி, யோசனை நன்றாக இல்லை. பதிக்கும்போது கல் விளிம்பு உடைந்தால் யார் பொறுப்பு என்பதில் தகராறு வரும். பின்னாளில் மாற்றப் போனால், பதித்த கடை "கல் எங்களுடையது இல்லை" என்று கைவிரிக்கலாம். 600 ரூபாய்க்காக இதில் இறங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பழைய நகை மாற்றுவதில்தான் கவுன்டரில் குரல் உயர்கிறது. 30,000 ரூபாய்க்குப் பழைய தங்கம் கொடுத்தால், மீதி 54,000க்குத்தானே வரி என்று வாடிக்கையாளர் கேட்கிறார். இல்லை. புது நகையின் முழு மதிப்பான 84,000க்கும் 2,520 ரூபாய் வரி. பழைய தங்கத்தின் தொகை அதற்குப் பிறகுதான் கழியும். வீட்டு நகையைக் கொடுக்கிற தனிநபர் அந்தப் பழைய நகைக்கு வரி கட்ட வேண்டியதில்லை. தள்ளுபடி என்றால் கதை வேறு: பில்லிலேயே காட்டிய தள்ளுபடி வரி விழும் தொகையைக் குறைக்கும். அதனால் எக்ஸ்சேஞ்ச் தொகையும் தள்ளுபடியும் பில்லில் எந்த இடத்தில் கழிகின்றன என்று பாருங்கள். தள்ளுபடி வரிக்கு மேலே, எக்ஸ்சேஞ்ச் வரிக்குக் கீழே.

'ஜிஎஸ்டி இலவசம்' என்ற விளம்பரத்துக்கு அர்த்தம், கடை விலையைக் குறைக்கிறது என்பது மட்டுமே. 84,000 ரூபாயே கடைசித் தொகை என்றால் பில்லில் மதிப்பு 81,553.40, வரி 2,446.60 என்று வர வேண்டும். வரிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுத் தந்தால் அந்தப் பில்லை வாங்காதீர்கள்.

வரி விகிதம் ஒன்றைச் சொல்லாது: கல் இயற்கையா, ஆய்வகத்தில் வளர்த்ததா, அமெரிக்கன் டைமண்டா என்று. தங்கத்தில் பதித்தால் மூன்றுக்கும் பில்லில் அதே 7113 என்ற பொருள் வகைக் குறியீடு, அதே 3%. "டைமண்ட்" என்று மட்டும் எழுதிய பில்லை நாங்கள் தேறாததாகவே வைக்கிறோம். "இயற்கை வைரம்" என்ற சொல், காரட் எடை, நிறம், தெளிவு, சான்றிதழ் எண் ஐந்தும் பில்லிலேயே இருக்க வேண்டும். சான்றிதழ் அட்டை தொலையும். பில்லின் நகல் கடையிலும் இருக்கும்.

திருப்பிக் கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கெடு நாளுக்குள் நகையைத் திருப்பினால் கடை கிரெடிட் நோட் (விற்பனையைத் திருப்பிக் கழிக்கும் சீட்டு) போட வேண்டும், வரியும் சேர்ந்து திரும்பி வரும். அதையே 'எக்ஸ்சேஞ்ச்' என்று எழுதினால் பழைய வரி போனது போனதுதான், புது நகைக்கு மறுபடி முழு 3%. "வைரத்துக்கு 100% எக்ஸ்சேஞ்ச்" என்பதும் கல் மதிப்பான 40,000க்கு மட்டும். செய்கூலியும் வரியும் அதில் வராது. எந்தச் சொல்லில் எழுதுகிறார்கள் என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

சின்னக் கடைகளில் சில 'காம்போசிஷன்' என்ற, சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டத்தில் இருக்கும். அவர்கள் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது, பில்லில் அதை எழுதியும் இருக்க வேண்டும். எழுதிவிட்டு 3% கேட்டால் தவறு. துண்டுச் சீட்டில் எழுதி "பில் வேண்டாமென்றால் 2,520 மிச்சம்" என்பது அதைவிட மோசம். மாற்றவும் புகார் கொடுக்கவும் கையில் ஆதாரம் இருக்காது. சந்தேகம் வந்தால் பில்லில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடை என்றால் எண் 33இல் தொடங்கும். கடையின் பெயர், எந்தத் திட்டத்தில் பதிவு, பதிவு நடப்பில் இருக்கிறதா எல்லாம் அங்கேயே தெரியும். பணம் கட்டும் முன், கவுன்டரில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை.