கேன்டன் ஹால் ஆஃப் ஃபேம்: ஜிம் தோர்ப்பைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஓஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில், 77ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது, அமெரிக்கன் ஃபுட்பாலின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகமான புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம். அமெரிக்கன் ஃபுட்பாலின் ஆரம்ப காலத்தை, அதிலும் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்த ஜிம் தோர்ப்பை அறிய விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் கூட்டம் போகிற போக்கிலேயே போனால் தோர்ப் வெறும் சிலையாகத்தான் மனதில் நிற்பார்.

அந்த 7 அடி வெண்கலச் சிலை, 1963இல் திறக்கப்பட்ட மூலக் கட்டடத்தின் கூம்புக் கூரைக்கு அடியில் இருக்கிறது. அதைச் சுற்றி வளைந்து ஏறும் சரிவுப் பாதையில் மேலே போனால் ஆட்டத்தின் வரலாற்றுப் பகுதி. பலர் சிலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியில் வென்றவர்களின் மோதிரங்களைப் பார்க்க விரைகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தை 1920க்கு முந்தைய காலத்துக்கே ஒதுக்குங்கள்.

மேலே ஏறும்போது சில விவரங்கள் மனதில் இருந்தால் காட்சிப் பொருட்கள் பேசத் தொடங்கும். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற தோர்ப்பை, 1915இல் ஆட்டத்துக்கு 250 டாலர் என்று பேசி அழைத்து வந்தது உள்ளூர் அணியான கேன்டன் புல்டாக்ஸ். அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய தொகை. அண்டை ஊரான மாசிலானுடன் ஆடிய முதல் ஆட்டத்தில் கேன்டன் 16-0 என்று தோற்றது. இரண்டாவதில் தோர்ப் உதைத்த இரண்டு ஃபீல்ட் கோல்களால் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளிகள்) 6-0 என்று வென்றது. அடுத்த ஆண்டு கேன்டன் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1920 செப்டம்பர் 17 அன்று ரால்ஃப் ஹேயின் ஹப்மொபைல் கார் விற்பனைக் கூடத்தில் அணிகள் சேர்ந்து ஒரு லீக் உருவானபோது தோர்ப்பையே தலைவராக்கினார்கள். நிர்வாகத் திறமைக்காக அல்ல, அந்தப் பெயரைப் போட்டால் செய்தித்தாள்கள் கவனிக்கும் என்பதற்காக. பின்னாளில் என்எஃப்எல் (நேஷனல் ஃபுட்பால் லீக்) என்று பெயர் மாறியது இந்த லீக்தான்.

ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானவர்களின் வெண்கல மார்பளவுச் சிலைகள் உள்ள கூடம் தேர்வான ஆண்டு வரிசையில் அமைந்தது. தோர்ப் 1963இன் முதல் 17 பேரில் ஒருவர். 1921இல் ஏக்ரன் புரோஸ் அணிக்குப் பயிற்சி தந்த ஃபிரிட்ஸ் பொலார்டு, என்எஃப்எலின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். அவரைத் தேட 2005ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அதே தலைமுறைக்காரர்கள் இருவருக்கும் இடையே இருக்கும் அந்த நீண்ட வரிசையை நடந்தே கடந்து பாருங்கள். சிலைகளுக்கு அருகில் எழுத்து குறைவு. தொடுதிரைகளில் பெயரைத் தேடினால்தான் விவரம் கிடைக்கும்.

குறை ஒன்று உண்டு. தோர்ப் இங்கே இடம்பெற்றது ஆட்டக்காரராக. அதனால் பயிற்சியாளர் தோர்ப் பின்னால் போய்விடுகிறார். 1922, 1923 ஆண்டுகளில் அவர் நடத்திய ஊராங் இந்தியன்ஸ் அணி, அமெரிக்கப் பழங்குடி வீரர்கள் மட்டுமே ஆடிய அணி. உரிமையாளர் வால்டர் லிங்கோ, லாரூ என்ற சிற்றூரில் ஏர்டேல் நாய்களை வளர்த்து விற்றவர். நாய் வியாபாரத்துக்கு விளம்பரமாகத்தான் 100 டாலருக்கு அணி உரிமை வாங்கினார். இடைவேளையில் நாய்களோடு வேடிக்கை காட்டுவதும் வீரர்களின் வேலை. ஓய்வும் ஒழுங்கான பயிற்சியும் இல்லாமல் ஊர் ஊராக ஆடிய அணி, இரண்டு ஆண்டுகளில் வென்றவை 4, தோற்றவை 16. இந்தக் கணக்கை மட்டும் வைத்து அவரது பயிற்றுத் திறமையை எடை போடுவது அநியாயம். அதே அணியில் ஆடிய ஜோ கையனின் சிலை 1966 வரிசையில் உள்ளது. அதையும் விடாமல் பாருங்கள்.

எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க நான்கு மணி நேரம் வேண்டும். ஆகஸ்டில் புதியவர்களைச் சேர்க்கும் விழா வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நெரிசலில் நின்று படிக்க முடியாது. வார நாளில், திறந்தவுடன் உள்ளே நுழைவதே நல்லது. விமானத்தில் வருகிறவர்களுக்குப் பக்கம் ஏக்ரன்-கேன்டன் விமான நிலையம். கிளீவ்லேண்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்.