பகாக் காரணிகளோடு 12 ஆண்டுகள்: செடி, வகுத்தல், கால்குலேட்டர்

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில், சனிக்கிழமைதோறும் என் வீட்டில் 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரத் தொடங்கி 12 ஆண்டுகள் ஆகின்றன. ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க இக்காலத்தில் மூன்று வழிகளைக் கையாண்டிருக்கிறேன்.

முதல் சில ஆண்டுகள் காரணிச்செடி முறையையே கற்பித்தேன். நம் முன்னோர் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து இங்கு வந்திறங்கிய 1860ஆம் ஆண்டையே முதல் எண்ணாகக் கொடுப்பது என் வழக்கம். ஒருத்தி 60 × 31 என்று பிரிப்பாள். இன்னொருவன் 20 × 93 என்று தொடங்குவான். இருவரும் 2² × 3 × 5 × 31 என்ற ஒரே விடைக்கு வந்து சேரும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் வியப்புக்காகவே இம்முறையை நான் இன்னும் கைவிடவில்லை. ஆனால் எண் பெரிதானால் கிளைகள் தாள் முழுதும் பரவி, ஏதேனும் ஒரு நுனி விடுபட்டுப் போகிறது.

ஆகவே இப்போது செடியை அறிமுகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வகுத்தல் முறைக்கு மாறிவிடுகிறேன். 2, 3, 5, 7 எனப் பகா எண்களால் வரிசையாக வகுத்து, ஈவைக் கீழே எழுதிக்கொண்டே போகும் இம்முறையில் எதுவும் விடுபடுவதில்லை. பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றுதான்: எங்கே நிறுத்துவது? அடுத்து வகுக்க வேண்டிய பகா எண்ணின் வர்க்கம், மிஞ்சியிருக்கும் எண்ணைத் தாண்டிவிட்டால், அந்த எண் பகா எண்ணே. ஏனெனில் அது பகு எண்ணாக இருந்தால் அதன் மிகச் சிறிய பகாக் காரணி அதன் வர்க்கமூலத்தை மிஞ்சாது, அதை நாம் முன்பே பிடித்திருப்போம். 1861ஐ 43 வரையுள்ள 14 பகா எண்களால் வகுத்துப் பார்த்து, எதனாலும் மீதியின்றி வகுபடாததால் பகா எண் என்று உறுதியாகச் சொல்லலாம். 2021 இன்னும் நல்ல பயிற்சி. இருபதுகளைத் தாண்டியதும் சலித்துப்போய் அதைப் பகா எண் என்று எழுதிவிடும் பிள்ளைகளே அதிகம். விதியை நம்பிக் கடைசிச் சோதனையான 43 வரை செல்பவருக்கே 43 × 47 கிடைக்கும்.

பிள்ளைகள் சிலர் கொண்டுவரும் அறிவியல் கால்குலேட்டரில் பகாக் காரணிகளுக்கென்றே ஒரு வசதி உண்டு. பத்து இலக்கம் வரையுள்ள எண்ணை அது ஏற்கும். மூன்று இலக்கம் வரையுள்ள பகா எண்களைக் கொண்டு பிரித்துப் பார்த்து, பிரிக்க இயலாத பகுதியை அடைப்புக்குறிக்குள் காட்டும். விடையைச் சரிபார்க்க அதை மனமார அனுமதிக்கிறேன். ஆனால் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பகா எண் என்று எடுத்துக்கொள்ளும் பிழையைப் பலமுறை திருத்த வேண்டியிருந்தது. இப்போது 1018081 என்ற எண்ணைக் கொடுத்துவிடுகிறேன். அது 1009 × 1009. 1009 என்பதோ நான்கு இலக்கப் பகா எண்களில் மிகச் சிறியது. அதனால் கால்குலேட்டர் 1018081ஐ அப்படியே அடைப்புக்குறிக்குள் காட்டுகிறது. அதற்குக் குறைவாக மிஞ்சும் எந்த எண்ணையும் அது தயங்காமல் பகா எண்ணாகக் காட்டுவதற்குக் காரணம், பிள்ளைகள் தாளில் பயன்படுத்தும் அதே வர்க்கமூல விதிதான்.