வார்க் டெஸ்ட்: எடுக்கலாம், ஆனா ரிசல்ட்டை நம்பி படிக்காதீங்க

ஃபர்ஸ்ட் இயர் பசங்க நிறைய பேர் "நான் விஷுவல் லேர்னர் (படமா பாத்தா தான் புரியும்), எனக்கு புக் செட் ஆகாது"ன்னு சொல்றாங்க, கேட்டா ஆன்லைன்ல டெஸ்ட் எடுத்தேங்கிறாங்க, நமக்கு எந்த முறைல படிக்கப் பிடிக்கும்னு சொல்ற இந்த மாதிரி டெஸ்ட்ல ரொம்ப ஃபேமஸ் இந்த வார்க் (VARK) தான். நியூசிலாந்து லிங்கன் யுனிவர்சிட்டில இருந்த நீல் ஃப்ளெமிங் 1987ல உருவாக்கினது.

மொத்தம் 16 கேள்வி, ஃப்ரீ, சட்டுனு முடிஞ்சிரும். ஒருத்தருக்கு வழி சொல்லணும்னா மேப் வரைவீங்களா, வாயால சொல்லுவீங்களா, எழுதிக் குடுப்பீங்களா, இல்ல கூடவே போய் விட்டுட்டு வருவீங்களா, இந்த மாதிரி தான் இருக்கும், ஒண்ணுக்கு மேலயும் டிக் பண்ணலாம். கடைசில படம், கேக்குறது, படிச்சு எழுதுறது, செஞ்சு பாக்குறது, நாலுக்கும் ஸ்கோர் வரும். கேள்வி எல்லாம் நல்லா யோசிச்சு வச்சிருக்காங்க, அதுல குறை இல்ல.

பிரச்சனை அதுக்கப்புறம் தான். அமெரிக்கால இந்தியானா யுனிவர்சிட்டில அனாடமி படிக்கிற நூத்துக்கணக்கான ஸ்டூடன்ட்ஸுக்கு இதே டெஸ்ட் வச்சு, அவங்க நிஜமா எப்படி படிக்கிறாங்கன்னும் பாத்தாங்க, 2018ல வெளிவந்துச்சு. பாதிக்கு மேல பேர் வந்த ரிசல்ட் படி படிக்கவே இல்ல, படிச்சவங்களுக்கும் மார்க் கூடல. லெக்சர் நோட்ஸ் பாத்தவங்க, ஆன்லைன் மைக்ராஸ்கோப்ல ஸ்லைடு பாத்து பழகினவங்க, இவங்களுக்கு தான் மார்க் நல்லா இருந்துச்சு, எந்த டைப்பா இருந்தாலும் சரி. வார்க் காரங்களே விருப்பம் வேற திறமை வேறன்னு தான் சொல்றாங்க, நம்ம தான் அதை கவனிக்கிறதில்ல.

நமக்கு ஈஸியா தோணுற முறைல படிச்சா மனசுல நிக்கும்னு நினைக்கிறோம்ல, அங்க தான் ஏமாந்துடுறோம். ரோடிகர், கார்பிக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006ல பண்ண ஆய்வுல, திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு படிச்சதுல 81% ஞாபகம் வச்சிருந்தாங்க, பாக்காம எழுதிப் பாத்தவங்க 75% தான். ஆனா ஒரு வாரம் கழிச்சு பாத்தா திரும்ப படிச்சவங்க 42%, எழுதிப் பாத்தவங்க 56%! செமஸ்டர் எக்ஸாம் அஞ்சு நிமிஷத்துலயா வருது? அதனால ஒரு யூனிட் முடிச்சதும் நோட்டை மூடி வச்சிட்டு வெள்ளை பேப்பர்ல ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதுங்க, டயக்ராம் உட்பட, அப்புறம் நோட்டை திறந்து விட்டதை மட்டும் வேற கலர் பேனால சேருங்க. கஷ்டமா தான் இருக்கும், பரவால்ல, பண்ணுங்க.

என் ரேட்டிங் 5க்கு 2.5. நமக்கு எது பிடிக்கும்னு தெரிஞ்சுக்க ஒரு தடவை எடுத்துப் பாருங்க. காசு கட்டி டீடெய்ல்டு ரிப்போர்ட் வாங்காதீங்க, அந்த காசுக்கு பழைய கொஸ்டின் பேப்பர் எல்லாம் ஜெராக்ஸ் போட்டுக்கோங்க.